கோயிலும் கூத்துக் களரியும்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பணி என்ற சொல் செவியில் விழுந்தவுடனே கல்லும் சுதையும் செப்புக் கலசமும் நினைவில் எழுகின்றன. அது முறையே. மழையில் நனைந்து ஆலும் அரசும் வேர்பாய்ந்த விமானத்தைச் செப்பனிட்டு, மூலவர்க்கு அட்டபந்தன மருந்து சாத்தி, யாகசாலையில் கடங்களை நிறுவி, நன்னாளில் நன்னீராட்டுவது பெரும்புண்ணியம். அதற்குப் பொருள் ஈந்த அன்பர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுவதும் பழைய வழக்கமே.

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்து, 1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் அளித்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தனவும் தன் தமக்கை கொடுத்தனவும் மற்றுங் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுமாறு பணித்தான். பொற்கலங்களின் நிறை, அணிகலன்களில் கோத்த முத்துக்களின் தொகை, விளக்குக்கு நெய் அளக்க விடப்பட்ட ஆடுமாடுகளின் கணக்கு என்று அக்கற்சுவர் ஒரு கருவூலக் கணக்கேடு போலவே விளங்குகின்றது. அங்கே அவன் பேரன் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடிப்பதற்காக, சாந்திக் கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விசயராசேந்திர ஆசாரியனுக்கு, நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் நெல் நிவந்தம் விட்டதை அது கூறுகின்றது. அதே கோயிலில் ஆடல் வல்ல தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கு ஆளுக்கு ஒரு பங்காக அளக்கப்பட்ட நெல் 100 கலம். நாடகம் ஒன்றற்கு அதனினும் மிகுதியாக அளந்திருக்கிறார்கள். அந்நாடகத்தின் ஏடு இன்று கிடைக்கவில்லை. நெல் அளந்த செய்தி மட்டும் கல்லில் நிலைத்திருக்கின்றது.

பொன்னுக்கும் நெய்க்கும் பக்கத்தில் நாடகத்திற்கு இடம் அளித்த அந்தக் கணக்கரைப் பற்றிச் சற்றே சிந்திக்கவேண்டும். ஆண்டவனுக்கு விளக்கு வேண்டும், மாலை வேண்டும், அமுது வேண்டும், நாடகம் எதற்கு? வந்திருக்கும் மக்கள் களிப்பதற்கு என்று விடை கூறுவோர் பலர். களிப்பும் உண்டு, அதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் களிப்பு என்ற ஒன்றனைக் கொண்டே இந்த வழக்கம் முழுவதையும் விளக்க முயல்வது, அடுப்பில் எரியும் தீயைக் குளிர்காயும் பொருட்டே மூட்டியது என்று சொல்வதை ஒக்கும்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வகுத்தார். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுப் பிறர் கண்ணுக்குப் புலனாவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்பதையும் அவர் நந்நான்காகப் பகுத்துரைத்தார். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், பண்டை நிலையிலிருந்து தாழ்தல், பொருளின்றித் துன்புறுதல் என்று அவற்றை விரித்துரைக்கலாம். இந்நான்கில் ஒன்றேனும் நுழையாத வீடு எந்த ஊரிலேனும் உண்டா? ஆயினும் வீட்டுக்குள்ளே அழுவதற்கு இடம் எங்கே இருக்கின்றது? ஆண்மகன் அழுதால் ஊர் நகைக்கும். மருமகள் அழுதால் மாமியார் காரணம் கேட்பாள். கடன்பட்டவன் கண்கலங்கினால் கடன் கொடுத்தவன் மறுநாளே வாயிலில் வந்து நிற்பான். அடக்கி வைத்த துயரத்திற்கு வெளியே ஓர் இடமும் ஒரு காலமும் வேண்டும். அவ்விடத்தைத் தமிழ்நாட்டின் வடபகுதியிலே பல ஊர்களில் திரௌபதி அம்மன் திருக்கோயில்கள் இன்றளவும் அளித்து வருகின்றன.

தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும், அதாவது இன்றைய திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய மாவட்டங்களில், தருமராசர் கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் வழங்கும் கோயில்கள் மிகப் பல. பெரும்பாலும் கோடையில், அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் காலத்தில், அங்கே கொடியேறும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் கூத்தர்கள் அதே கதையை ஆடிக்காட்டுவர். ஊரின் வளத்திற்கு ஏற்பப் பத்து இரவுகளோ அவற்றின் மிகுதியோ கூத்து நடைபெறும். வில்லிப்புத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களில், பதினெட்டாம் நாட் போரின் முடிவோடு நிறுத்திக்கொண்டார். ஊராரின் பாரதமும் அங்கேயே நிறைவுறுகின்றது என்பது கருதத் தக்கது.

கூத்துக் களரியில் மேடை இல்லை. ஓவியம் தீட்டிய திரைகள் இல்லை. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து, இருவர் பிடிக்கும் ஒரு துணித்திரையின் பின்னே வேடதாரி தோன்றுவார். திரைக்குப் பின்னிருந்தே தம் பெருமையைப் பாடி, திரை விலகியபின் சுழன்று ஆடுவார். மத்தளமும் முகவீணையும் தாளமும், பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஆர்மோனியமும் பக்கத்தில் ஒலிக்கும். கட்டியக்காரன் அரசனுக்குச் சேவகன். ஆயினும் அவன் பேசுவது ஊராரின் பேச்சு. துரியோதனன் கொலுவிருக்கையில் குளத்துத் தூர் வாராததையும் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதையும் அவன் இழுத்துவிடுவான். வேறோர் இடத்தில் வாய்திறக்க அஞ்சும் செய்தியை அங்கே அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறான்; ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தே சிரிக்கிறார்கள். எட்டு மெய்ப்பாட்டில் நகையைத் தொல்காப்பியர் முதலில் வைத்ததற்குக் காரணம் வேறாயினும், கூத்தர் அதனை முதலில் வைப்பது அறிவுடைமையே. சிரித்து இளகிய நெஞ்சமே பின்னர் அழவும் வல்லதாகின்றது.

பாரதத்தை ஏன் தேர்ந்தார்கள்? அழுகையின் நிலைக்களன்கள் நான்கும் ஒரே கதையில் அமைந்திருப்பதைக் காண்க. அரசவையில் திரௌபதிக்கு நேர்ந்தது இளிவு. அபிமன்யு மாண்ட நாளில் சுபத்திரைக்கும் அருச்சுனனுக்கும் நேர்ந்தது இழவு. விராடன் மனையில் வீமன் மடைத்தொழில் செய்ததும் பாஞ்சாலி பணிப்பெண்ணாய் நின்றதும் அசைவு. காட்டில் கிழங்கும் கனியும் தேடித் திரிந்தது வறுமை. அன்றியும் அடிப்படையில் இது பங்காளிகளின் நிலவழக்கு. கண்ணன் தூது சென்று பாதி நாட்டைக் கேட்டு, அது கிடையாதெனின் ஐந்து ஊர், அதுவும் கிடையாதெனின் ஐந்து வீடு என்று இறங்கிவந்து நிற்கும் இரவில், வரப்புத் தகராற்றுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு எவரும் உபதேசம் செய்வதில்லை. ஊசிமுனை நிலமும் தாரேன் என்று துரியோதனன் கூவும்போது அவர்கள் எதனை நினைந்தார்கள் என்பதை அவர்களே அறிவர்.

துகிலுரியும் இரவு கூத்தர்கள் அஞ்சும் இரவு. திரௌபதியாக வேடம் பூண்டவர் ஆடவரேயாயினும், அந்நேரத்தில் அவர் அம்மனாகவே கருதப்படுகிறார். சேலையில் கை வைக்கும் முன்னர்த் துச்சாதன வேடதாரி ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்கி, இது வேடத்தின் செயலே என்று மன்னிப்பு வேண்டும் வழக்கம் உண்டு. அதன்பின் அவர் இழுக்கிறார். திரௌபதி கண்ணனை அழைக்கிறாள். அவையில் பெண்கள் விம்முகிறார்கள். சிலர்க்கு ஆவேசம் வருகின்றது. கணவன் கையால் அடியுண்டவளும், ஊர் நடுவே இழிசொல் கேட்டவளும், சொல்லிக்கொள்ளாமலே அந்த அழுகையில் தம் பங்கையும் சேர்த்துவிடுகிறார்கள். எது கதைக்காக அழுதது, எது தனக்காக அழுதது என்று பிரித்தறிய எவராலும் இயலாது. அந்த மறைவே அவர்களுக்குக் காப்பு.

அருச்சுனன் தபசு வேறொரு சுவை. உயர்ந்த பனைமரம் ஒன்றை நட்டு, படிகள் அமைத்து, அருச்சுன வேடதாரி பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியை அடைந்து அவர் இறைவனை வேண்டி எறியும் எலுமிச்சம் பழத்தையும் மலரையும் விபூதியையும், கீழே மகப்பேறு வேண்டும் மகளிர் மடியேந்தி நின்று பெறுகிறார்கள். நாடகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அங்கே பொருளில்லை.

இனி, கர்ண மோட்சம். இதனை விழாக்காலத்தில் மட்டுமின்றி, இறந்தார்க்குச் செய்யும் கருமாதியை ஒட்டியும் இம்மாவட்டங்களில் ஆடுவிக்கிறார்கள். கொடுத்துக் கொடுத்து அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணன் தன் புண்ணியத்தையும் தாரைவார்த்த பின்னரே உயிர் நீங்குகிறான். தாய் அப்போதுதான் அவனை மகனே என்று ஊரறிய அழைத்து மடியில் ஏந்துகிறாள். தந்தையை இழந்த வீட்டார் நாட்கள் பல கழிந்த பின்பு, உறவினர் சூழ அமர்ந்து, விடியும்வரை அதனைக் காண்கின்றனர். சடங்குகள் இறந்தவரின் கதிக்காகச் செய்யப்படுவன. இந்தக் கூத்தோ இருப்பவர்களின் பொருட்டு அமைந்தது என்று கூறினால் பிழையாகாது.

பதினெட்டாம் போர் என்னும் கூத்து இரவெல்லாம் நடந்து, பொழுது புலர்ந்தபின் களரியை விட்டுத் திடலுக்கு நகர்கின்றது. அங்கே துரியோதனனின் பேருரு மண்ணால் சமைக்கப்பட்டு மல்லாந்து கிடக்கும். அதன் நீளம் சில ஊர்களில் முப்பது நாற்பது அடியையும் கடந்துவிடும். அந்த மண்ணுடலின் மீதும் சுற்றிலும் வீம வேடமும் துரியோதன வேடமும் கதையேந்தித் துரத்தி ஓடும். ஆவேசம் மிகுந்தால் கட்டுப்படுத்துவதற்கு ஆட்கள் துணியோடு நிற்பார்கள். இரவெல்லாம் விளக்கொளியில் அரசர்களாய் விளங்கியவர்கள் காலை வெயிலில் வேர்வையால் அரிதாரம் கரைந்த முகத்தோடு, ஊராருக்கு நடுவே ஓடுகிறார்கள். காண்போர் என்றும் ஆடுவோர் என்றும் இருந்த பிரிவு அத்துடன் அழிந்துபோகின்றது. தொடையில் புதைத்து வைத்த செந்நீர் பீறிட, திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிக்கிறாள். துகிலுரிந்த இரவு முதல் ஊரே அக்கூந்தலை முடியாமல் சுமந்திருந்தது போல, அப்போது ஒரு பெருமூச்சு எழும்.

அத்துடன் முடித்திருந்தால் அது வெற்றி விழாவாகவே இருந்திருக்கும். ஊரார் அவ்வாறு முடிக்கவில்லை. கூந்தல் முடிந்த அதே களத்தில் காந்தாரியும், துரியோதனன் மனைவி பெருந்திருவாளும் வீழ்ந்த உடலின்மேல் விழுந்து ஒப்பாரி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒப்பாரி வீட்டுச் சாவில் பாடும் அதே மெட்டு. அதனைக் கேட்டவுடன், ஒரு நாழிகைக்கு முன் துரியோதனன் வீழவேண்டும் என்று ஆர்த்த பெண்களே அவனுக்காக அழுகிறார்கள். பகைவனையும் ஒருத்தி பெற்றாள் என்பதைச் சொற்பொழிவாளர் ஒருவர் மணிக்கணக்கில் எடுத்துரைத்தாலும் நெஞ்சில் நிற்பது அரிது. படுகளத்தில் அது அரைமணி நேரத்தில் நின்றுவிடுகின்றது. அந்த மண்ணுருவத்தின் மண்ணை மக்கள் மங்கலப் பொருளாக வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்லும் ஊர்களும் உள. வில்லனின் உடல் விளைநிலத்துக்கு உரமாகும் நாடகம் பிற நாடுகளில் தேடிக் காணவேண்டிய ஒன்று. அன்று மாலை தீமிதி. துக்கமும் வெகுளியும் கழுவப்பட்ட பின்னரே மக்கள் நெருப்பில் இறங்குகிறார்கள் என்ற முறைவைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவும் இக்கதையின் கிளையே. களப்பலியாகச் சம்மதித்த அரவானைக் கூத்தாண்டவராக வழிபட்டு, திருநங்கையர் தாலி பூண்டு அவருக்கு மணமகளிராகின்றனர். மறுநாள் தாலி அறுத்து வளை உடைத்து வெள்ளை உடுத்து அழுகின்றனர். பெற்ற வீடும் பிறந்த ஊரும் தள்ளிவைத்த பலர்க்கு, கூடி அழுவதற்கென்று ஊரறிந்த ஒரு நாளும் ஊரறிந்த ஒரு கணவரும் அங்கே வாய்த்திருக்கிறார்கள். அவ்வழுகையை நடிப்பு என்று சொல்லத் துணிபவர் அதனை அருகிருந்து கண்டவராக இருத்தல் அரிது.

கூத்து நடந்தால் ஊர் தானே ஒன்றுபட்டுவிடும் என்று கருதுவதும் பேதைமை. பந்தற்கால் ஒருவருடையது, பறை ஒருவருடையது, தீமிதிக்கு விறகு ஒருவருடையது என்று பணிகள் பகுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் பணியில் பங்கு பெற்றவர் யாவரும் சந்நிதியில் பங்கு பெற்றதில்லை. 1947-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், விழுப்புரம் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் ஒன்று, வழிபாட்டு உரிமை பற்றிய பூசலால் 2023-ஆம் ஆண்டில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவையில் அவமதிக்கப்பட்டவளின் கோயிலிலேயே இது நேர்ந்தது என்பதை நினைக்க நெஞ்சம் கூசுகின்றது. திறந்த திடலில் சாமக்கோழி கூவும்வரை ஒரே கூத்தைக் கண்டு அழுதவர்கள், விடிந்தபின் வாயிலில் ஒருவரையொருவர் மறித்தால், கூத்தின்மேல் குறை கூறுவதற்கில்லை.

கற்றவர்கள் நெடுங்காலம் இக்கலையை மதிக்கவில்லை. தெருக்கூத்து என்ற பெயரையே வசைச்சொல்லாக்கினார்கள். அரசியல் மேடைகளில் எதிரியை இகழ இன்றும் அச்சொல் பயன்படுகின்றது. நகரத்து நாடக மன்றங்கள் திரையும் மின்விளக்கும் கொண்டு எழுந்தபின், கூத்தர் கல்லாதவர் என்று ஒதுக்கப்பட்டனர். காலம் அதனைச் சற்றே திருத்தியது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் வழிவழியாகக் கூத்தாடும் தம்பிரான் மரபினரின் ஆட்டம் நகரத்தாரின் கண்ணைத் திறந்தது. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி அக்கலையில் ஈடுபட்டு 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பட்டணத்தில் பெருமை வந்தது நன்றே. ஆயினும் அரங்கில் ஒன்றரை மணி நேரம் காட்டப்படும் கூத்துக்கும், தன் ஊர்த் திடலில் பத்தாம் இரவில் விடியும் கூத்துக்கும் உள்ள வேறுபாடு, பூங்கொத்துக்கும் பூச்செடிக்கும் உள்ள வேறுபாடாகும்.

இன்று திடலில் இரவுகள் குறைகின்றன. பத்து இரவு கொண்டாடிய ஊர்களிற் சில மூன்றாக்கின. சில, கூத்துக்குப் பதிலாக மெல்லிசைக் கச்சேரி வைத்துக்கொண்டன. கச்சேரி கேட்பதற்கு இனியதே. ஆனால் அங்கே இளிவும் இழவும் அசைவும் வறுமையும் வந்து அமர்வதற்குப் பாய் விரிக்கப்படுவதில்லை. வெட்டி எடுத்த இரண்டு இரவுகளில் கூத்தை அடைக்கும்போது துகிலுரிதலும் படுகளமும் மட்டும் எஞ்சுகின்றன. கட்டியக்காரனின் நகையும் தூதின் நிதானமும் கர்ணனின் இரக்கமும் உதிர்ந்துவிடுகின்றன. கூந்தலை விரித்த மறுநாளே முடித்துவிட்டால், காத்திருந்தவர் யார், பெருமூச்சு விடுபவர் யார்?

கொடையாளர்கள் இதனை அறியார் என்பதன்று. கோபுரத்துச் சுதை வண்ணம் பன்னிரண்டு ஆண்டுகள் கண்ணில் நிற்கும்; கூத்தருக்கு அளந்த அரிசி மறுநாளே காணாமற் போகும். எனவே பொருள் முன்னதற்கே செல்வது இயல்பு. இராசேந்திரன் அவையினர் இவ்வேறுபாட்டைக் கருதியே, ஒரு விழாவுக்குப் பணம் கொடுக்காமல், ஆண்டுதோறும் நெல் விளையும் வகையில் நிவந்தம் விட்டார்கள் போலும். பத்து இரவுக்குப் பதினைந்து கூத்தர்க்கும் பக்கவாத்தியக்காரர்க்கும் உணவு, விளக்கு, வேடத்துக்கு அரிதாரம், மரக்கட்டை அணிகளைப் புதுப்பிக்கக் கண்ணாடிச் சில்லு, விடிந்தபின் கௌரவமாகக் கையில் கொடுக்கும் கூலி ஆகிய இவ்வளவே தேவை. ஒரு கலசத்தின் பொன்முலாம் செலவிலே பல ஆண்டுகளுக்கு இது நடக்கும்.

பணத்தால் வாங்கமுடியாத ஒன்றும் உண்டு, அது திடல். திருப்பணி சிறக்கச் சிறக்கக் கோயிலைச் சுற்றி மதில் எழுகின்றது. வண்டிகள் நிற்கவும் மண்டபம் எழுப்பவும் இடம் தேடுகின்றனர். மழையில் சேறாகிறதென்று திடலுக்குச் சிமெண்டுத் தளம் போடும் எண்ணமும் சில ஊர்களில் எழுகின்றது. துரியோதனனை வெளியிலிருந்து மண் கொண்டுவந்து சமைப்பதில்லை. படுகளத்துக்கு முந்தைய நாட்களில் ஊரார் மண்வெட்டியோடு வந்து, அந்தத் திடலின் மண்ணையே வெட்டிக் குழைத்து, தலையும் மார்பும் தொடையுமாக அவனை எழுப்புகிறார்கள்.